ஆறு தடவை திறந்த கண்

நான் செய்த முதல் முகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குச் சொன்ன காரணத்தை நினைக்கும்போதெல்லாம் இரண்டு வருஷமாக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் சரி, போகட்டும் என்று பேசாமல் இருந்திருப்பேன். கண் திறந்திருக்கிறதாம். மகாலட்சுமி கண்ணைத் திறந்து வைத்திருக்காமல் தூங்கிக்கொண்டா இருப்பாள்?

முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். கல்யாணமாகியும் பிறந்த ஊர் என்னை விடவில்லை. அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, முட்டிக்கொண்டு வருகிறவரைக்கும் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். அவர்களால் எழுந்து நடக்கவும் முடியாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் பிடிக்காது. வரைகிறவளுக்கு இதைவிட அசையாத மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்? தப்பாக அச்சான பில்களைத் திருப்பிப்போட்டு, பென்சிலால் அவர்களை வரைய ஆரம்பித்தேன். முதலில் செருப்பு. அப்புறம் கை, மடியில் வைத்திருக்கிற கட்டைப்பை, காலி பாட்டில். இதெல்லாம் நன்றாகவே வந்தது. முகம்தான் தகராறு செய்தது.

காரணம் எனக்குத் தெரியும். ஒருவர் கண்ணைப் பார்த்தால் அவரும் நம்மைப் பார்ப்பார். “என்னம்மா, நம்ம நம்பர் வந்துட்டா?” என்று எழுந்தே வந்துவிடுவார். அதனால் மூக்கு வரைக்கும் பார்த்து வரைந்துவிட்டு, கண்ணை நானாகவே போட்டுக்கொள்வேன். கூட வேலை பார்க்கிற நர்ஸ் ஒருநாள் என் பில் கட்டைப் புரட்டிவிட்டு, “என்னக்கா, எல்லாரும் ஒரே வீட்டுல பிறந்தவங்க மாதிரி முழிக்காங்க” என்றாள். அன்றைக்கு அவளிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

நான் வரைவது தெரிந்ததும் செத்துப்போனவர்களின் ஆதார் கார்டுகள் வர ஆரம்பித்தன. அந்தப் போட்டோவில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. அதைப் பார்த்து நான் அவர்களுடைய அப்பாவை அச்சாக வரைந்து கொடுக்க வேண்டுமாம், சட்டையை மட்டும் புதுசாக மாற்ற வேண்டுமாம். இரண்டு படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பென்சிலைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

அப்போதுதான் கண்ணாடி பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் அலுமினிய ஜன்னல், கண்ணாடி வேலை செய்கிறவர். வெட்டி மிஞ்சிய துண்டுகள் கடையில் குவிந்து கிடக்கும். வண்ணக் கண்ணாடியைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஓரத்தில் செம்பு டேப் சுற்றி, ஈயத்தை உருக்கி ஒட்டவைத்துப் படமாக்குவதைப் போனில் பார்த்தேன். சில சர்ச்சுகளில் ஜன்னல் முழுக்க இருக்குமே, அந்த வேலை. ரேடியோ ரிப்பேர்க்காரர் வைத்திருக்கிற சூட்டுக்கோல் ஒன்றை வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டேன்.

“ஏட்டி, கைய கிழிச்சுக்கிட்டு வந்து எங்கிட்ட நிக்காத” என்றார் அவர். கிழித்துக்கொண்டுதான் நின்றேன். பத்து விரலிலும் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு பில் அடித்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து ஒரு மாம்பழமும் இரண்டு இலையும் உருப்படியாக வந்தன. அதைக் கடை வாசலில் தொங்கவிட்டார்.

அந்த மாம்பழத்தைப் பார்த்துத்தான் அந்த அம்மா வந்தார். மலை தெரிகிற பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெண்பிள்ளைகளை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார், அறுபது வயதிருக்கும், ஜன்னல் கைப்பிடி பார்க்க வந்தவர். “இது யாரு செஞ்சது?” என்று கேட்டு, நான்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அம்மாயி, எங்க பூஜை ரூம் கதவுக்கு ஒரு மகாலட்சுமி செஞ்சு தாரியா?”

மாம்பழத்துக்கும் மகாலட்சுமிக்கும் எம்புட்டு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

புடவை, தாமரை, கை, கிரீடம் எல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலை. பொறுமை இருந்தால் வந்துவிடும். முகம் அப்படியல்ல. அது ஒரே துண்டுக் கண்ணாடி. அதில் கண், மூக்கு, வாயைப் பழுப்பு நிறப் பொடியைக் கோந்துத் தண்ணீரில் குழைத்து வரைய வேண்டும். பிறகு உலையில் வைத்துச் சுட வேண்டும். சுட்டுவிட்டால் பொடி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இதையெல்லாம் மற்ற துண்டுகளோடு சேர்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஈயம் வைத்து ஒட்டிய பிறகு உலைக்குள் வைத்தால் ஈயம் ஒழுகிவிடும். ஆக, இந்த வேலையில் கண்தான் முதலில்.

ராஜபாளையத்தில் உலைக்கு எங்கே போவேன்? பீங்கான் பல் செய்கிற லேப் ஒன்றில் சின்ன மின்சார உலை இருப்பதை என் வீட்டுக்காரர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். அவர்களுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொடுத்த பழக்கம். உலைக்குள் உள்ளங்கை அகலம்கூட இடமில்லை. மகாலட்சுமியின் முகம் எவ்வளவு பெரிசு இருக்கலாம் என்பதை முடிவு செய்தது ஊர்க்காரர்களின் கடைவாய்ப் பல். முதலில் வைத்த துண்டு உலைக்குள்ளேயே விரிசல் விட்டு இரண்டாக விரிந்தது. இரண்டாவதில் பொடி வெளிறி, மூக்கைக் காணோம். மூன்றாவது முழுசாக வந்தது. நான் முதல் முகம் என்று சொல்வது இதைத்தான். அந்த லேப்பிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வரைந்த ஒரு முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது என்று நினைத்தேன்.

வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் செத்த நேரம் பார்த்தார். “விரியல் இல்ல” என்றார். கண்ணாடிக் கடைக்காரர் வாயிலிருந்து இதற்கு மேல் என்ன வரும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் புது வீட்டுக்குப் போனேன். பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

“கண்ணு திறந்திருக்கேம்மா.”

“ஆமாம்மா.”

“கிரகப்பிரவேசத்தன்னிக்கு முகூர்த்தத்துல வச்சுல்லா கண்ணு திறக்கணும். சாமி படம்னா கண்ணு கடைசியிலதான். இப்பவே திறந்துட்டா எப்படி?”

நான் உலையைச் சொன்னேன். ஈயத்தைச் சொன்னேன். பல் லேப்பைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “நீ சொல்லுறதெல்லாம் சரிதான். ஆனா எங்க வீட்டுல அப்படித்தான்” என்றார். கண் இல்லாத வெறும் முகத்தை வைத்துச் செய்து மாட்டிவிட்டு, முகூர்த்தத்தில் வந்து பெயின்டில் கண் வரைய வேண்டுமாம். சுடாத பெயின்ட் நிற்காது என்றேன். நிற்கும்வரை நிற்கட்டும் என்றார்.

வீடு வந்து சேர்கிறவரைக்கும் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. முகத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். பார்த்தால் அழுகை வரும் என்று அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் சொல்லாத ஆள் கிடையாது. நர்ஸிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொன்னேன். அந்தக் கண்ணை நீங்கள் பார்த்திருக்கணும் என்பேன்.

வேறு வழியில்லாமல் கண்ணில்லாத முகம் ஒன்றைச் சுட்டு, மற்ற துண்டுகளோடு ஒட்டிக் கதவில் மாட்டிக் கொடுத்தேன். கிரகப்பிரவேசத்தன்று காலை ஒன்பதரை மணிக்குக் கண் திறப்பு. கிண்ணத்தில் தேன், தட்டில் தங்க ஊசி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஐயர் மந்திரத்தை நிறுத்தி என்னைப் பார்த்துச் சொன்னார். “திறந்த கண்ணு மொதல்ல முகம் பாக்குற கண்ணாடியத்தான் பாக்கணும். நீங்க நேரா நிக்கப்படாது.”

நேராக நிற்காமல் கண்ணை எப்படி வரைவது? பக்கவாட்டில் நின்று, கையை நீட்டி, தூரிகை நுனி எங்கே படுகிறது என்று தெரியாமல் இரண்டு கண்ணையும் போட்டேன். மேளம் வேறு காதுக்குள் அடித்தது. முடித்துவிட்டு நேரே வந்து பார்த்தால் மகாலட்சுமி வாசற்படிப் பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நாலு மாதத்தில் போன் வந்தது. “அம்மாயி, கண்ணு போயிருச்சு. வாரியா?”

போய்ப் பார்த்தேன். இடது கண் முழுசாகக் காணோம். வலதில் பாதி. கதவைத் துடைக்கிற ஆளைத்தான் சந்தேகப்பட்டேன். விசாரித்தால், வெள்ளிக்கிழமை தோறும் அந்த அம்மாவே மகாலட்சுமியின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். புதுசு வைக்க வேண்டுமென்றால் பழசைத் துடைக்க வேண்டும். ஈரத்துணியை வைத்துப் பக்தியோடு துடைக்கத் துடைக்க, கண்ணும் கூடவே வந்துவிட்டது.

“நெத்தியோட நிறுத்திக்கோங்கம்மா.”

“குங்குமம் மூக்குல சிந்துதே. துடைக்காம எப்படி?”

“அப்ப பின்பக்கமா வரைஞ்சிருதேன். துணி படாது.”

“முதுகுப் பக்கமாவா கண்ணு திறப்பாங்க?”

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். முகத்துக்கு முன்னால் சாதாக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டால் உள்ளே கண் பத்திரமாக இருக்கும். அதையும் சொன்னேன். அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்பப் பொட்டு சாமிக்கு வச்சதாகுமா, கண்ணாடிக்கு வச்சதாகுமா?” என்று கேட்டார்.

சாமியே கண்ணாடிதானம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டுப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

நல்லவேளை, மறுபடி வரைவதற்கு முகூர்த்தம் வேண்டாம், ராகுகாலம் இல்லாமல் இருந்தால் போதும் என்று முடிவானது. பக்கவாட்டில் நிற்க வேண்டியதும் இல்லை. ஆனால் கதவு ஒரு நிலையில் நிற்கவில்லை. தூரிகை பட்டாலே ஆடும். அதனால் அந்த அம்மாவே கதவின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். மகாலட்சுமியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அவர் முகம். பேசமாட்டார், கண்ணை விலக்கவும் மாட்டார். ஸ்கேன் சென்டரில் கண்ணைப் பார்க்கப் பயந்ததற்கெல்லாம் சேர்த்து, இவர் கண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. மேல் இமை எங்கே மடிகிறது, விழி மேலே எவ்வளவு மறைந்திருக்கிறது, கீழே எவ்வளவு வெள்ளை தெரிகிறது என்று அங்கேதான் பார்த்தேன்.

மூன்றாவது தடவை அழிந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. லீவு போட்டு, பஸ் ஏறிப் போய் வரைந்துவிட்டு வருகிறேன், அது நாலு மாதம்கூடத் தாங்குவதில்லை. தாங்காத கண்ணையாவது சீக்கிரம் வரைந்து முடிக்கப் பழகுவோம் என்று தினமும் சாயங்காலம் கடையில் உட்கார்ந்தேன். உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்து, நின்றபடியே ஒரு ஜோடி கண் போடுவேன். துணியால் துடைப்பேன். மறுபடியும் போடுவேன். ஒரு நாளைக்கு முப்பது ஜோடி. கண் அலுத்தபோது துண்டுக் கண்ணாடியில் முழு முகமே பெயின்டில் போட்டுப் பார்த்தேன். பிறகு அட்டையில், பிறகு கேன்வாஸில். கேன்வாஸ் பெயின்டை உறிஞ்சும், கண்ணாடி வழுக்கும், இரண்டுக்கும் ஒரே கை ஆகாது. அதற்கும் அந்த அம்மாவுக்குத்தான் திட்டு.

ஒரு துண்டைத் துடைக்க மறந்துவிட்டேன். அது பாதியாக வெட்டுப்பட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பாத்ரூம் ஜன்னலுக்குப் போய்விட்டது. மாட்டின மறுநாள் அந்த வீட்டு ஆள் கடைக்கு வந்து, “ஏலே, குளிக்கிற இடத்துல ஒத்தக் கண்ணு பாத்துக்கிட்டு இருக்குடே” என்று என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டார். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான், “வரைஞ்சா துடைச்சுத் தொலையேன்” என்றார்.

போன மாதம் ஆறாவது தடவை. வழக்கம்போல அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு கண்ணையும் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தூரிகையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவும் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கதவை விட்டுவிட்டோம், அது பாட்டுக்கு ஆடியது.

“அம்மாயி, இந்தக் கண்ணையே சுட்டுக் கொடுத்துரு. இனிமே அழியக் கூடாது.”

இரண்டு வருஷம் கழித்து ஞானம் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “சுட்ட முகம் வீட்டுல தயாரா இருக்கும்மா. நாளைக்கே மாத்திரலாம்” என்றேன்.

“எது, மொதல்ல கொண்டு வந்தியே, அதுவா? அது வேண்டாம். புதுசா செய்.”

“அதுல என்னம்மா குறை? கண்ணு முன்னாடியே திறந்திருந்துச்சு, அம்புட்டுத்தான? இப்ப நீங்க கேக்குறதும் திறந்த கண்ணுதான. முகூர்த்தம் எங்க போச்சு?”

என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. ஆடுகிற கதவைக் கையால் நிறுத்தினார்.

“முகூர்த்தம்னு சொன்னேன். நீ ஆசையாச் செஞ்சு கொண்டாந்து கையில கொடுத்துட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கே. வேற என்னத்தச் சொல்ல?”

“அப்ப ஐயர் சொன்னது?”

“அவிய நாம சொன்னாச் செய்வாவ.”

நான் அவர் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. தேன், ஊசி, மேளம், பக்கவாட்டில் நின்று வரைந்தது, இத்தனை லீவு, இத்தனை பஸ். எல்லாம் ஒரு சாக்குக்காகவா? முகம் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன? அப்படி என்ன பிடிக்காமல் போயிற்று? கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், அப்புறம் சொல்லட்டும் என்று வீட்டுக்குப் போனதும் போகாததுமாகப் பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைகளை இழுத்துக் கட்டிலில் போட்டு, அடியிலிருந்த துணிச்சுருளை எடுத்து, அடுப்படி ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

முதலில் வேறு எதையோ எடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். விரிந்துபோன பழைய முகமோ என்று திருப்பிப் பார்த்தேன். விரியல் இல்லை. வலது கண் இடது கண்ணைவிட அரை விரற்கடை மேலே ஏறியிருந்தது. இரண்டு விழியும் இமையைத் தொடாமல் நடுவில் தனியாக நின்றன. திடுக்கிட்டவள் முழி. வாய் மட்டும் சம்பந்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து முழிப்பவர்களில் ஒருத்திக்குக் கிரீடத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. போனைத் திறந்து காலையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கையாவது இரண்டு வருஷம் பஸ்ஸில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாது. வெட்கத்தில் காது சுட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்த புடவைகளைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். கையில் இருப்பது என்ன என்று அவர் கேட்கவில்லை.

“வலது கண்ணு மேல ஏறியிருக்குங்க” என்றேன்.

“ஆமா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ லேப்ல இருந்து கொண்டாந்து காட்டுனல்லா, அன்னிக்கே. நிதம் மட்டம் பாத்துக் கண்ணாடி மாட்டுறவனுக்கு இது தெரியாதா?”

“ரெண்டு வருஷமா அந்தம்மாவ நான் வாய்க்கு வந்தபடி திட்டுதேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

அவர் தொட்டியில் கையைக் கழுவினார். துண்டைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

“சொல்லியிருந்தா அன்னிக்கோட விட்டிருப்ப” என்றார்.

விட்டிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வரவில்லை.